பகையரிசி நோன்பு

டிசம்பர் 15, திங்கள்

இன்று முதல் எனக்குத் தாடி.

காலை பதினொரு மணிக்குச் சண்முகவேல் சார் கூப்பிட்டார். உள்ளூர் நாளிதழில் பக்திப் பக்கத்துக்கு அவர்தான் ஆசிரியர். நான் ஆறு வருஷமாக வீட்டிலிருந்தபடி அந்தப் பக்கத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவள்.

"மேடம், புலவர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு போச்சு. நாளைக்கு மறுநாள்லருந்து 'மார்கழித் துளி' நீங்கதான் எழுதுறீங்க. நாளைக்குள்ளத மட்டும் எழுதிக் குடுத்துட்டு விழுந்திருக்காரு, புண்ணியவான்."

"எனக்கு ஆன்மிகம்லாம் தெரியாது சார்."

"புலவருக்கு மட்டும் தெரிஞ்சுதா? நூத்தம்பது வார்த்த. சாயங்காலம் நாலு மணிக்குள்ள மேட்டர் வந்துரணும். அவ்வளவுதான் ஆன்மிகம்."

என் பெயர் வராது. மார்கழி முழுக்கத் தினமும் வரும் அந்தத் துளியை யார் எழுதினாலும் அச்சில் பெயர் நீற்றடிகள். மூடிய கண்களும் நெஞ்சுவரை தாடியுமாக ஒரு கோட்டுப்படம் போடுவார்கள். பெயரும் தாடியும் பத்திரிகைக்குச் சொந்தம். உள்ளே ஆள்தான் மாறும். இருபது வருஷத்தில் ஆறு பேர் அந்தத் தாடிக்குள் இருந்திருக்கிறார்கள். நான் ஏழாவது. பெண்களில் முதல்வி. நாற்பத்தேழு வயதில் கிடைத்த பெருமை.

இவரிடம் சொன்னேன். "நீ சாமியார்னா நான் யாரு?" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக மாடிக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

முதல் துளி. பிரம்ம முகூர்த்தத்தில் எழுகிறவனின் மனம் கலங்காத குளம் என்று எழுதினேன். எழுதும்போது பகல் மூன்று மணி. எழுந்தது ஏழுக்குப் பத்து நிமிஷம்.

டிசம்பர் 18, வியாழன்

இன்றைய துளி: நாவடக்கம். பால்காரரிடம் தண்ணீர் பற்றிச் சண்டை போட்டுவிட்டு வந்து எழுதியதால் நல்ல வேகம் இருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேன். தொட்டி நிறைந்து மாடியில் வழிந்திருக்கிறது. படிக்கட்டின் மேல்நுனியிலிருந்து ஆவுடையக்கா முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாளையங்கோட்டைக்கே தண்ணி விடுதாவ போல. புண்ணியம் சேரட்டும்."

நான் கேட்டின் கொண்டியைப் பார்த்துச் சொன்னேன்: "மறதி எல்லாருக்கும் உண்டு."

நான்கு வருஷமாக நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். முருங்கையும் கொண்டியும் இல்லாவிட்டால் இந்த வீட்டில் தண்ணீர் வராது.

ஒருமுறை இதை முழுதாக எழுதிவிடுவது நல்லது. மாடியில் இருப்பது இவருடைய அண்ணன் குடும்பம். ஆவுடையக்கா என் ஓரகத்தி. அவள் மகள் சங்கரிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, பூ வைக்க நாள் பார்க்கும் நிலை. சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையின் அம்மா கை கழுவக் கீழே எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டார்கள், சொன்னேன். சங்கரி கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஆறு மாதம் படிப்பை நிறுத்தியிருந்ததையும், நாகர்கோவிலில் மனநல மருத்துவரிடம் போனதையும், மாத்திரை சாப்பிட்டதையும், பிறகு சரியானதையும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வரன் நின்றுபோனது. அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. உண்மை சொன்னவளுக்கு உலகம் தரும் பரிசு.

அவ்வளவுதான் விஷயம்.

டிசம்பர் 22, திங்கள்

நாலு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. பொறுமை எழுதியாயிற்று, நாவடக்கம், அதிகாலை, நன்றி, பசுவுக்கு அகத்திக்கீரை, எல்லாம் ஆயிற்று. சண்முகவேல் சார் இரண்டு முறை அழைத்துவிட்டார். இரவுச் சமையலுக்கு அரிசி களைய எழுந்தேன். அரிசியில் கை வைத்ததும் ஒரு நோன்பு பிறந்தது.

"மார்கழி முடிவதற்குள், பேச்சு நின்றுபோன ஒரு வீட்டுக்குச் சென்று ஒரு பிடி அரிசி கேட்டு வாங்கி, தை முதல் நாள் பொங்கல் பானையில் அதையும் சேர்த்து இடுவது நம் முன்னோர் வழக்கம். இதைப் பகையரிசி நோன்பு என்றனர். பகைவர் வீட்டு அரிசி வேகும்போது பகையும் வெந்து குழையும்."

முன்னோர் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

மாடியை நினைத்து எழுதியதல்ல. அரிசி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

டிசம்பர் 24, புதன்

காய்கறி வண்டி அருகே ருக்மணி டீச்சர் நின்றிருந்தார். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், எதையும் நிரூபணம் இல்லாமல் ஏற்காதவர்.

"மங்க, பேப்பர் பாத்தியா? பகையரிசி நோன்பு போட்டுருக்காவ. எங்க கல்லிடக்குறிச்சில இது காலங்காலமா உண்டு பாத்துக்கோ. இப்பத்தான் எல்லாரும் விட்டுட்டாவ."

"அப்படியா டீச்சர்?"

"நீ திருநவேலி டவுன்ல பொறந்தவ, உனக்கு எங்க தெரியும்?"

நேற்றுக் காலையில் பிறந்த நோன்பு இன்று கல்லிடைக்குறிச்சியில் கிழமாகிவிட்டது.

டிசம்பர் 26, வெள்ளி

பத்திரிகைக்கு நாற்பத்தொரு கடிதங்கள். சண்முகவேல் சார் எல்லாவற்றையும் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். சனிக்கிழமைதோறும் ஒரு வாசகர் கேள்விக்கு அடிகள் பதில் சொல்வது வழக்கமாம். இதை அவர் முதலில் சொல்லவில்லை.

சில கேள்விகள்:

"சுவாமி, எனக்கு மூன்று வீட்டோடு பேச்சில்லை. மூன்று பிடியா, அல்லது பெரிய பகைக்கு மட்டும் போதுமா?"

"எதிர்வீட்டம்மா ரேஷன் அரிசி கொடுத்துவிட்டாள். வேண்டுமென்றே செய்தாள். நோன்பு செல்லுமா?"

"அடியேனுக்குப் பேச்சில்லாதது என் கணவரோடு மட்டும். அரிசி ஒரே டின்னில்தான் இருக்கிறது. வழி கூற வேண்டுகிறேன்."

சுரண்டையிலிருந்து ஒருவர்: "எங்களுக்குப் பகையே கிடையாது. இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் யாருடனாவது ஏற்படுத்திக்கொள்ளலாமா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு கணவரோடு பேச்சில்லாத அந்த அம்மாவின் கடிதத்தை இன்னொருமுறை எடுத்துப் படித்தேன். அதில் சிரிக்க அதிகம் இல்லை.

டிசம்பர் 27, சனி

ஒரு விசித்திரம். என்னோடு படித்த கலாவதி வாட்ஸப்பில் புது வீட்டுப் படங்கள் போட்டிருந்தாள். வழக்கம்போல வயிற்றில் ஒரு கடி. உடனே, "இது பொறாமை, திங்கட்கிழமைத் துளிக்கு ஆகுமா?" என்று பார்த்தேன். எப்படி வருகிறது, எங்கே கடிக்கிறது, எதைச் சாப்பிட்டு வளர்கிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டேன். குறித்து முடிப்பதற்குள் அது ஓய்ந்துபோயிற்று.

ஞானிகள் முப்பது வருஷம் குகையில் உட்கார்ந்து பழகுவது இதைத்தான் போலிருக்கிறது. எனக்கு மேட்டர் பற்றாக்குறையால் கிடைத்தது.

ஆனால் ஒரு தொந்தரவு. கவனிக்கிற கண்ணைத் திறந்துவிட்டால் நாலு மணிக்குப் பிறகு அது மூடமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

கோயில் ஒலிபெருக்கியில் சொற்பொழிவாளர் ஒருவர் பகையரிசி நோன்புக்குப் புராணக் கதை சொன்னார். ஒரு முனிவர், ஒரு ராட்சசன், ஒரு பிடி அரிசி. நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

தெருவில் பெண்கள் சம்புடத்தோடு போகிறார்கள். ஒருத்தி வாசலில் நின்று தயங்குவதும், உள்ளிருந்து கதவு திறப்பதும், இருவரும் அழுவதும் கேட்கிறது. இரண்டு வாசல் தள்ளி, "அரிசி கேட்டு வந்தவ என் மருமவள ஏன் குத்திக் காட்டுத?" என்று புதிய சண்டையும் கேட்கிறது. அடுத்த வருஷத்துக்கு அரிசி தயார்.

இவர் சாப்பிடும்போது சொன்னார்: "ஊர்ல பாதி பேர ராசியாக்கிட்ட. மாடிப்படி பதினாறுதான் இருக்கு."

"சாம்பார் ஊத்தவா?" என்றேன்.

டிசம்பர் 31, புதன்

இன்று வந்த கடிதங்களில் ஒன்று பெயரில்லாமல், "ஒரு தாய், பாளையங்கோட்டை" என்று வந்திருந்தது. பெயர் எதற்கு? அந்தக் கையெழுத்தைக் கேஸ் சிலிண்டர் புத்தகத்திலும் மின்கட்டண அட்டையிலும் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

"பெரியவர் அவர்களுக்கு. நீங்கள் எழுதும் துளியைத் தினமும் படித்து வெட்டி ஒட்டி வைக்கிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், தவறிருந்தால் மன்னிக்கவும். என் வீட்டிலேயே கீழே என் ஓரகத்தி இருக்கிறாள். அவள் சொன்ன வார்த்தையால் என் மகள் கல்யாணம் நின்றது. நல்லவேளை தப்பித்தோம் என்று அந்த வீட்டார் சொல்லிப் போனார்கள். என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. இப்போது நீங்கள் போய் அரிசி கேள் என்கிறீர்கள். தப்புச் செய்தவள் அவள். நான் இறங்கிப் போவதா, அவள் ஏறி வருவதா? நீங்கள் சொன்னபடி செய்வேன்."

கடைசி வரியைப் பலமுறை படித்தேன்.

ஜனவரி 2, வெள்ளி

நாளை சனிக்கிழமை. சண்முகவேல் சாருக்கு இதுவரை வந்தவற்றில் பிடித்ததும் அந்தக் கடிதம்தான். "மேடம், இதுல உசுரு இருக்கு. இதுக்கே பதில் போடுங்க."

மூன்று பதில்கள் எழுதினேன்.

முதலாவது: "அம்மா, நீங்கள் போக வேண்டாம். தவறிழைத்தவரே வர வேண்டும்." எழுதினேன், படித்தேன், அழித்தேன். ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டு ஒருவரைத் தவறிழைத்தவர் என்று சொல்வது துறவிக்கு அழகல்ல.

இரண்டாவது: "இருவரும் படிக்கட்டின் நடுவில் சந்திக்கலாம்." இது பஞ்சாயத்துத் தலைவர் பேச்சு.

மூன்றாவது: "முதலில் இறங்குகிறவரே உயர்ந்தவர், தாயே. யார் தவறு என்ற கணக்கை இறைவன் பார்த்துக்கொள்வான். நீங்கள் இறங்குங்கள்."

அனுப்பினேன். "கண்ணு கலங்கிருச்சு மேடம்" என்று பதில் வந்தது.

இதில் எனக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 5, திங்கள்

காலை பத்தரை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். படியில் காலடி. அக்காவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள். அப்படி இறங்குகிற சத்தத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வாசலில் வந்து நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள். கையில் எவர்சில்வர் சம்புடம். நான்கு வருஷத்துக்குப் பிறகு முருங்கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஒரு பிடி அரிசி வேணும்."

நான் எழுந்தேன்.

"பெரியவங்க கேக்கச் சொல்லிருக்காவ, கேக்கேன். வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

உள்ளே போய்ப் பச்சரிசி எடுத்தேன். ஒரு பிடி போதும். இரண்டு பிடி போட்டேன். மேலே ஒரு வெல்லக்கட்டியும் வைத்தேன். என் முகத்தில் ஒரு புன்னகை இருந்ததாக நினைக்கிறேன். தாடிக்குப் பொருத்தமான புன்னகை.

அவள் கொஞ்சம் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவள் திரும்பி ஏறினாள். ஏறுவது இறங்குவதைவிடச் சிரமம்.

நல்லபடியாக முடிந்தது. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

இன்றைய துளி: கேட்டு வருகிறவருக்கு இன்முகத்தோடு அளிக்கும் பெருந்தன்மை. பத்து நிமிஷத்தில் எழுதினேன். வார்த்தைகள் தானாக வந்தன. இவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஜனவரி 9, வெள்ளி

இரண்டாவது கடிதம்.

"பெரியவருக்கு. இறங்கிப் போனேன். கொடுத்தாள். இரண்டு பிடி கொடுத்தாள், வெல்லமும் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தாள். முதலில் இறங்குகிறவர் உயர்ந்தவர் என்று எழுதினீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வீட்டில் தீ வைத்தவள் வாசலில் போய்ப் பிச்சை எடுத்ததுபோல் இருந்தது. ஏன்மா போனே என்று என் மகள் கேட்டாள். சாமி சொன்னார் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த அரிசியைப் பொங்கலில் போட மனம் வரவில்லை. நோன்பு அரிசியைக் கொட்டினால் பாவமா? பரிகாரம் சொல்லவும்."

மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை என்று இவரிடம் சொன்னேன். நோன்பா என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அழுதுவிட்டேன்.

ஜனவரி 10, சனி

இன்று அடிகள் பதிலளித்த கேள்வி: ரேஷன் அரிசி செல்லுமா? செல்லும்.

ஜனவரி 12, திங்கள்

நாளை மறுநாள் கடைசித் துளி. முப்பதாவது. இன்றே எழுதிவிட்டேன். முந்நூறு வார்த்தைக்கு மேல் வந்தது.

நீற்றடிகள் என்று ஒருவர் இல்லை, எழுதுகிறவள் ஒரு பெண் என்று எழுதினேன். பகையரிசி நோன்பு அரிசி களையும்போது நான் கட்டியது என்று எழுதினேன். பாளையங்கோட்டைத் தாய் குறிப்பிட்ட ஓரகத்தி நான்தான் என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் ஆறு மாதம், நாகர்கோவில், மாத்திரை, நின்றுபோன கல்யாணம், எல்லாவற்றையும் பெயர் சொல்லாமல் எழுதினேன்.

பிறகு "அவர்கள் கேட்டார்கள், சொன்னேன்" என்று எழுதப் போனேன். கை நின்றது.

இருபத்தேழு நாளாக நாவடக்கத்தையும் பொறாமையையும் பிய்த்துப் பிய்த்துப் பார்த்த கண், இந்த வரியில் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. இந்த நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். டிசம்பர் 19-லும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான்கு வருஷமாக எல்லோரிடமும் இதே இரண்டு வார்த்தை. கேட்டார்கள், சொன்னேன்.

அவர்கள் கேட்கவில்லை.

அந்த அம்மா கேட்டது கை துடைக்க ஒரு துண்டு. துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நானாகத்தான் ஆரம்பித்தேன். "நல்ல பிள்ளதான், ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது" என்று.

இதையும் துளியில் சேர்த்து அனுப்பிவிட்டேன். மனம் லேசாக இருந்தது. சந்தேகப்படும் அளவுக்கு லேசாக.

ஜனவரி 13, செவ்வாய்

சண்முகவேல் சார் காலை எட்டு மணிக்கே அழைத்தார்.

"என்ன மேடம் அனுப்பிருக்கீங்க?"

"உண்மை சார்."

"உண்மைய யாரு கேட்டா? ஊரு பூரா அரிசி வாங்கிட்டான். எல்லாரையும் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுவீங்களா?"

"பொய்யான நோன்பு சார் அது."

"எந்த நோன்ப யாரு கட்டுனான்னு உங்களுக்குத் தெரியுமா? நூறு வருஷம் போனா எல்லாம் ஒண்ணுதான். உங்க பாவத்த உங்க வீட்ல வச்சுக்கோங்க. எனக்கு முப்பதாவது துளி வேணும்."

"இதுதான் என் துளி."

"அப்போ பத்து வருஷத்துக்கு முந்துனத எடுத்துப் போட்டுக்கிடுதேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டான்."

போனை வைத்தபிறகு கோபம் வந்தது. கோபத்தைப் பழக்கதோஷத்தில் கவனித்தேன். அதற்கடியில் ஏமாற்றம் இருந்தது. கிளறிப் பார்த்தால் நல்ல ஏமாற்றமும் இல்லை. பத்திரிகை வாங்கும் நாற்பதாயிரம் பேர் என் நேர்மையைப் படித்துக் கண் கலங்கும் வாய்ப்பு போய்விட்டதே என்கிற ஏமாற்றம். முன்பின் தெரியாத நாற்பதாயிரம் பேரிடம் மன்னிப்புக் கேட்கத் துணிந்தவளுக்குப் பதினாறு படி ஏறத் துணிவில்லை. ஏறாமல் தப்பிக்கத்தான் முந்நூறு வார்த்தை.

சண்முகவேல் சார் சொன்னதில் ஒன்று சரி. அதை வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 14, புதன்

போகி. தெருவெல்லாம் பழம்பாய் எரித்த புகை. காலை ஒன்பது மணிக்கு ஏறினேன்.

அக்கா சமையலறை அலமாரியைக் கவிழ்த்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் அந்தச் சம்புடம், வெல்லக்கட்டியோடு அப்படியே. சுவரில் ஒரு நாட்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் துளிகளை வரிசையாக ஒட்டியிருந்தாள். தாடி தாடி தாடி.

"என்ன?" என்றாள். முருங்கையைப் பார்க்கவில்லை, அங்கிருந்து முருங்கை தெரியாது.

"அக்கா, அந்தத் துளிய எழுதுறது நான்தான்."

"எந்தத் துளிய?"

"நீற்றடிகள். எழுத ஆளில்லன்னு என்ன எழுதச் சொன்னாவ. உங்க லெட்டர் ரெண்டும் எங்கிட்டதான் வந்துச்சு."

துணியைப் பிழிந்து வைத்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள்.

"அப்போ என்ன கீழ எறங்கி வான்னு சொன்னது நீ."

"ஆமா."

"முட்டு வலியோட."

"ஆமாக்கா."

"எறங்கி வந்தவள நிக்க வச்சுச் சிரிச்சதும் நீ."

அதற்கும் தலையாட்டினேன்.

"அந்த நோன்பு?"

"நான் கட்டுனது. நாலு மணிக்குக் குடுக்கணும், ஒண்ணும் தோணல."

"அடிப்பாவி! ருக்மணி டீச்சரு கல்லிடக்குறிச்சில உண்டுன்னாவளே! நான் அன்னைக்கு வெறும் வயித்தோட வந்தேன்ட்டி. காப்பிகூடக் குடிக்கல!" கல்யாணம் நின்றதற்குக்கூட அவள் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. சம்புடத்தை எடுத்து என் கையில் திணித்தாள். "இந்தா உன் அரிசி. உன் வெல்லம். சம்புடத்தக் கழுவித் திருப்பிக் குடு."

வாங்கிக்கொண்டேன். போகவில்லை.

"இன்னொண்ணு இருக்கு அக்கா. அன்னைக்கு அந்தம்மா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

"அது தெரியும்" என்றாள். "உங்க ஓரகத்தி தானா வந்து சொன்னாவ, அவுகளுக்கு நன்றி சொல்லணும்னு அந்தம்மா எங்கிட்டயே சொல்லிட்டுத்தான் வண்டி ஏறுனா. நாலு வருஷமா நீ கேட்டாவ சொன்னேன், கேட்டாவ சொன்னேன்னு சொல்லுதத நான் மேல இருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

சம்புடம் கனத்தது.

"ஏன் சொன்ன?"

பொறாமை எப்படி வருகிறது, எதைச் சாப்பிட்டு வளர்கிறது என்று ஒரு துளியே எழுதியவள் நான். அதில் ஒரு வரியும் உதவவில்லை. "நீங்க அன்னைக்கு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க அக்கா. பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றேன்.

அக்கா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளறையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? ஏட்டி சங்கரி, இங்க வா. சித்திக்கு ஒன்னப் பாக்கணுமாம்."

சங்கரி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. இருந்தும் மறுபடி சொன்னேன். முடித்தபிறகுதான் பேசினாள்.

"நீங்க சொன்னது பொய் இல்லயே சித்தி. அத நானே அவருகிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழம போன் பண்ணுதேன்னு சொல்லிருந்தாரு. எப்படி ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கூட வச்சிருந்தேன். நீங்க வெள்ளிக்கிழமயே சொல்லிட்டீங்க."

சம்புடத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கல்யாணம் நின்னதுகூடப் போட்டும். நான் சொல்லி அவரு வேண்டாம்னு சொல்லிருந்தா அது வேற. எனக்கு நடந்தத எனக்கு முன்னால நீங்க சொல்லிட்டீங்க. அதுக்குப் பொறவு நான் என்னத்தச் சொல்ல?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பேப்பர் விஷயம் அக்காவுக்கும் புதிது.

"மீட்டிங் இருக்கு" என்று சங்கரி உள்ளே போய்விட்டாள்.

கீழே வந்ததும் முதல் வேலையாக முந்தாநாள் எழுதிய முந்நூறு வார்த்தையை அழித்தேன். போனிலிருந்தும் அழித்தேன். பெயர் சொல்லாமல்தானே எழுதினேன் என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் எத்தனை ஓரகத்திகள், எத்தனை மாடிவீடு? நாற்பதாயிரம் பேருக்கு முன்னால், இந்த முறை கண்ணீரோடு, அதே காரியத்தை இரண்டாவது தடவை செய்யப் பார்த்திருக்கிறேன். அச்சிடாமல் காப்பாற்றியது என் ஞானம் அல்ல. சண்முகவேல் சார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மாடியில் குலவைச் சத்தம் கேட்டது. இங்கும் பொங்கிற்று. சம்புடத்தைக் கழுவி மூன்றாவது படியில் வைத்தேன். மத்தியானம் பார்த்தபோது எடுத்துப் போயிருந்தார்கள்.

ஜனவரி 17, சனி

சண்முகவேல் சார் சமாதானத்துக்கு அழைத்தார். துளி பிரமாதமாகப் போயிற்றாம். புலவர் எழுந்து நடக்க ஆறு மாதம் ஆகுமாம், வெள்ளிக்கிழமைதோறும் நானே எழுத வேண்டுமாம்.

"அந்த ஓரகத்தி மேட்டர்ல நோன்பு பொய்யிங்கிறத மட்டும் தூக்கிட்டு, மத்தத அப்படியே எழுதுங்க மேடம். அந்தப் பொண்ணு கத இருக்குல்லா, படிக்கிறவன் அழுதுருவான்."

"அது என் கதை இல்ல சார்."

"உங்க வீட்ல நடந்ததுன்னீங்க?"

"வீடுதான் எங்களோடது."

வெள்ளிக்கிழமை எழுதுகிறேன் என்றேன். என் பெயரில் என்றால் மட்டும். தாடிக்கு வேறு ஆள் பார்க்கட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றார். எழுதாமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜனவரி 18, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்குச் சங்கரி இறங்கி வந்தாள். இவர் வெளியே போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். காப்பி கேட்டேன், வேண்டாம் என்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல சித்தி."

"சரி."

"ஆறு மாசம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மாத்திர, டாக்டர், அவ்வளவுதான் தெரியும். அத வச்சுத்தான் அவங்ககிட்டச் சொன்னீங்க. சொல்லுறதுன்னா முழுசாத் தெரிஞ்சிட்டுச் சொல்லணும்லா. இப்பவாவது கேளுங்க."

முக்கால் மணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது கதவருகே திரும்பி, மேசையில் விரித்துக் கிடந்த இந்த நோட்டைப் பார்த்தாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.